நெய்வேலி: சுரங்க நிலமும் நில மீட்புச் சட்டங்களும்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி திறந்தவெளிச் சுரங்க முறையில் எடுக்கப்படுகிறது. பூமிக்கு அடியில் குடைந்து செல்லாமல், மேலே உள்ள மண் முழுவதையும் அகற்றி நிலக்கரியை எடுக்கும் முறை இது. வயல், வீடு, கோயில், குளம், பாதை என மேற்பரப்பில் உள்ள அனைத்தும் முதலில் அகற்றப்படும். எனவே இரண்டு கேள்விகள் எழுகின்றன. தோண்டிய நிலத்தைச் சீர்செய்வது யார் பொறுப்பு? சீர்செய்த நிலம் யாருக்கு உரியது? முதல் கேள்விக்கு இந்தியச் சட்டங்கள் காலம் தாழ்த்தியாவது விடை தந்துள்ளன. இரண்டாவது கேள்வி இன்றும் தீராமல் இருக்கிறது.

தொடக்கம்

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீருடன் கரிய பொருள் வெளிவந்தது. அது பழுப்பு நிலக்கரி எனப் பின்னர் உறுதியானது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. 1962இல் மின் உற்பத்தி தொடங்கியது. 2016இல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என மாறியது.

தோண்டுதலும் நிரப்புதலும்

நிலக்கரிக்கு மேலே கடினமான கடலூர் மணற்கல் அடுக்கு உள்ளது. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அகற்ற வேண்டும். ஜெர்மன் தொழில்நுட்பத்தில் அமைந்த ராட்சதச் சக்கர இயந்திரங்கள் மண்ணை வெட்டுகின்றன. கன்வேயர் பட்டைகள் அதனை மறுபுறம் கொண்டு சென்று, நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் கொட்டுகின்றன. சுரங்கம் ஒரு பக்கம் முன்னேற, மறுபக்கம் நிரம்பிக்கொண்டே வரும். முதன்முதலில் வெட்டிய மண்ணைக் கொட்டப் பள்ளம் இல்லாததால், அது சுரங்கத்துக்கு வெளியே குன்றுபோல் குவிக்கப்பட்டது.

நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தம் மிகுந்த நீரூற்று அடுக்கு இருக்கிறது. நீரை இடைவிடாது இறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே மேலெழும்பி உடைந்துவிடும். சுரங்க நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றைச் சென்றடைந்து பாசனத்துக்குப் பயன்படுகிறது. அதே வேளையில், தங்கள் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்பது சுற்றுவட்டார உழவர்களின் நீண்ட நாள் குறை.

சட்டங்கள் வந்த வரிசை

நெய்வேலியில் பணி தொடங்கிய காலத்தில் நடைமுறையிலிருந்த 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் தொழிலாளர் பாதுகாப்பையே முதன்மையாகக் கருதியது. 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் குத்தகை, உரிமத்தொகை ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியது. நிலம் 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்படி எடுக்கப்பட்டது. தோண்டிய பின் நிலம் என்னவாகும் என்பது அப்போது பெரிதாக எண்ணப்படவில்லை.

1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1994இல் வெளியான அறிவிக்கை, பெரிய சுரங்கங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 2009 ஆகஸ்டில் மத்திய நிலக்கரி அமைச்சகம் சுரங்க மூடல் திட்டத்துக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2009ஆம் ஆண்டு நெறிகளின்படி, திறந்தவெளிச் சுரங்கம் என்றால் ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்ற அடிப்படையில் கணக்கிட்டு, ஆண்டுதோறும் தனிக் கணக்கில் வைப்பு செலுத்த வேண்டியிருந்தது. பணிகளைச் செய்து முடித்தால்தான் அத்தொகை திரும்பக் கிடைக்கும். நெய்வேலியில் முதல் மண் வெட்டப்பட்டு 52 ஆண்டுகளுக்குப் பின் வந்த ஏற்பாடு இது.

மீட்கப்பட்ட நிலம்

ஆழத்திலிருந்து வந்த மண்ணில் கரிமச் சத்தும் நுண்ணுயிர்களும் மிகக் குறைவு. தொழுவுரம், பசுந்தாள் உரம், பழுப்பு நிலக்கரியிலிருந்து பெறும் ஹியூமிக் அமிலம் ஆகியவற்றால் அம்மண் பண்படுத்தப்படுகிறது. நிரப்பிய பகுதிகளில் மரங்கள் வளர்க்கப்பட்டுள்ளன, நெல்லும் விளைவிக்கப்பட்டுள்ளது. பள்ளங்களில் சில நீர்நிலைகளாகி, பறவைகள் வந்து தங்குகின்றன. ஆனால் இந்நிலம் நிறுவனத்தின் உடைமையாகவே நீடிக்கிறது.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு மேற்பரப்புச் சுரங்கச் சட்டம், மேல்மண்ணைத் தனியே எடுத்து வைக்கவும், வேலை தொடங்கும் முன்பே பிணைத்தொகை கட்டவும் வேண்டும் என்கிறது. ஜெர்மனியின் ரைன்லாந்து பழுப்பு நிலக்கரிப் பகுதியில், வளமான மண் தனியே பாதுகாக்கப்பட்டு, நிரப்பிய நிலத்தின் மேல் சுமார் இரண்டு மீட்டர் கனத்துக்குப் பரப்பப்படுகிறது. சுரங்க நிறுவனமே சில ஆண்டுகள் குதிரைமசால் முதலியவற்றைப் பயிரிட்டு மண்ணைத் தேற்றுகிறது. அதன்பின் அது உழவர்களின் கைக்குப் போகிறது. இயந்திரங்களை ஜெர்மனியிலிருந்து பெற்ற நெய்வேலி, இந்த வழக்கத்தைப் பெறவில்லை.

வளையமாதேவி

2023 ஜூலை 26 அன்று, இரண்டாம் சுரங்க விரிவாக்கத்தையொட்டிப் பரவனாற்றை மாற்றுப்பாதையில் திருப்ப, சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் கால்வாய் வெட்டப்பட்டது. அந்நிலம் ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது. எனினும் உழவர்கள் அதில் தொடர்ந்து பயிர் செய்து வந்தனர். விளைந்து நின்ற நெற்பயிர்மேல் இயந்திரங்கள் இறங்கிய காட்சி தமிழகம் முழுவதும் அதிர்வை உண்டாக்கியது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 101ஆம் பிரிவு, ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தாமல் விடப்பட்ட நிலம் பழைய உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும் என்கிறது. தோண்டி, நிலக்கரி எடுத்து, மூடிய நிலத்தைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. சுரங்க மூடல் நெறிகள் பள்ளத்தை நிரப்பவும் பசுமையாக்கவும் நிறுவனத்தைப் பொறுப்பாக்குகின்றன. அந்நிலத்தில் முன்பு உழுதவரின் பிள்ளைகள் மீண்டும் ஏர் பூட்ட முடியுமா என்பதற்கு அந்த நெறிகளில் விடை இல்லை.