எழுதியதும் ஈந்ததும்

மரண சாசனம் கொடுக்க விரும்பியதைக் கூறும்; கொடுத்ததைக் கூறாது. ஆங்கிலேயரின் பழைய உயில்களைப் படிக்கும்போது நாம் எளிதில் மறந்துவிடுவது இதனையே. நாடகக் கவிஞர் ஷேக்ஸ்பியர் 1616-ஆம் ஆண்டில் எழுதிய உயிலில் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊர் ஏழைகட்கு 10 பவுன் எழுதிவைத்தார். மனைவிக்கு அவர் விட்ட கட்டிலைப் பற்றிக் கற்றோர் எத்தனையோ பக்கங்கள் வரைந்துவிட்டனர். அந்தப் பத்துப் பவுன் ஏழைகளின் கையை எட்டியதா என வினவியோர் மிகுதியாக இல்லை.

எட்டாமற் போவதற்கு வழிகள் பல இருந்தன. ஈமச் செலவும் கடனும் தீர்ந்த பின்னரே கொடைகளுக்கு முறை வரும். கையிருப்புப் போதாதாயின் பணக் கொடைகள் யாவும் ஒரே விகிதத்தில் குறைக்கப்படும். பெற வேண்டியவர் எழுதியவருக்கு முன்னரே இறப்பின் பெரும்பாலும் அக்கொடை அற்றுப்போகும். பொருள் இருந்தும், உயிலை நிறைவேற்ற வேண்டியவர் மனம் வைக்காவிடில்? வழக்குத்தான். 1858-க்கு முன் திருச்சபை நீதிமன்றத்தையோ சான்சரி மன்றத்தையோ நாட வேண்டும். ஏழைப் பணிப்பெண் ஒருத்தி தன் நாற்பது ஷில்லிங்குக்காக அங்கே வழக்காடுதல் எளிதோ?

ஆகவே உண்மை காண விழைவோர் உயிலோடு நில்லாது, அதன்பின் எழுந்த ஏடுகளைத் தேட வேண்டும். நிறைவேற்றியவர் நீதிமன்றத்தில் காட்டிய வரவு செலவுக் கணக்குக் கிட்டுமாயின் பெரும்பேறு. பெரும்பாலான உயில்களுக்கு அது கிட்டுவதில்லை. ஊர்த் தேவாலயக் கணக்கில் இன்னாரது கொடை வரவு என ஒரு வரி இருப்பினும் போதும். 1796-இல் கொடைகள்மீது விதிக்கப்பட்ட வரி, அதை விதித்தோர் எண்ணாத வகையில் வரலாற்றுக்கு உதவிற்று. வரி அதிகாரிகள் உயிலின் வாசகத்தோடு அமையவில்லை. யாருக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதையும் பதிவேட்டில் குறித்தனர். அறச்சிந்தனை காட்டாத உண்மையை வரிச்சிந்தனை காட்டிற்று!

ஊர்ப் பொதுவுக்கு எழுதிய அறங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அறப்பொருள் திசைமாறுவதை விசாரிக்க ஆணையரை நியமிக்க 1601-ஆம் ஆண்டிலேயே எலிசபெத் அரசியார் காலத்தில் சட்டம் பிறந்தது. 1818 முதல் 1837 வரை ஊர் ஊராக விசாரித்த பிற்கால ஆணையர் கண்டதென்ன? தேவாலயச் சுவர்ப் பலகையில் கொடையாளர் பெயர் இருக்க, பணம் போன இடம் தெரியாத அறங்கள் பல.

நம்மவர் கதையும் ஒன்றுண்டு. 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் கோயில் அறங்களுக்கென எழுதிவைத்த பெரும்பொருள் நெடுங்காலம் வழக்கில் உழன்றது. சென்னையில் ஆங்கிலச் சட்டப்படி நடந்த சுப்ரீம் கோர்ட்டு அதனை மீட்டது. அறங்களுக்குப் போக மிகுந்த தொகையினால் 1842-இல் ஒரு பள்ளி திறக்கப்பெற்றது. அப்பள்ளி வளர்ந்து கல்லூரியாயிற்று. அதிற் பயின்றோர் நம் குடியிருப்பிலும் உளர்.