துளை வழியே நெஞ்சுக்குள்...

நெஞ்சுக்குள் வளரும் நீர்க்கட்டியை இரண்டு மூன்று சின்னத் துளைகள் வழியாகவே எடுத்துவிடுகிறார்கள். இது கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கதையோ 1910-லேயே தொடங்கிவிட்டது, அதுவும் சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயில்!

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயஸ் என்றொரு மருத்துவர். அறுவை நிபுணர்கூட இல்லை. சிறுநீர்ப்பைக்குள் விடும் விளக்குக் குழாயை விலா எலும்புகளுக்கு நடுவே நுழைத்து நெஞ்சுக்குள் பார்த்தார். அப்போது காசநோயைக் கொல்லும் மருந்து கிடையாது. நெஞ்சுக்குள் காற்றை ஏற்றி, நுரையீரலைச் சுருங்கவைத்து ஓய்வு கொடுப்பது ஒரு முக்கிய வைத்தியம். சிலருக்கு நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு நார் நாராக ஒட்டியிருக்கும், சுருங்காது. யாக்கோபேயஸ் ஒரு துளையில் பார்த்தபடியே இன்னொரு துளையில் சூடான கம்பியை விட்டு அந்த ஒட்டுகளை அறுத்தார்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. காற்று வைத்தியம் போயிற்று, கூடவே குழாயும் பெரும்பாலும் அலமாரிக்குப் போயிற்று. நல்ல மருந்து ஒன்று நல்ல கருவிக்கு வேலையில்லாமல் செய்துவிட்டது!

நீர்க்கட்டிக்காரர்கள் பாடுதான் பாவம். கருவில் மூச்சுக்குழாய் உருவாகும்போது ஒரு துணுக்கு பிரிந்து தனியே தங்கி, சளி போன்ற நீர் நிரம்பிக் கட்டியாகும். பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனாலும் மூச்சுக்குழாயை அழுத்தலாம், சீழ் பிடிக்கலாம். எலுமிச்சை அளவுக் கட்டிக்காக முதுகுப்பக்கத்திலிருந்து மார்புவரை கீறி, விலா எலும்புகளை அகட்ட வேண்டியிருந்தது. அந்த வலி மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

குழாயை மீட்டது வீடியோ கேமரா. அதுவரை ஒருவர் கண் மட்டுமே உள்ளே பார்க்கும், உதவியாளர் என்ன செய்வார்? திரையில் படம் தெரிந்ததும் எல்லோரும் சேர்ந்து வேலை செய்ய முடிந்தது. முதலில் பித்தப்பை, பிறகு 1990-களின் தொடக்கத்தில் நெஞ்சு.

நீர்க்கட்டி இதற்கு வாகான நோய். அந்தப் பக்க நுரையீரலுக்குக் காற்றை நிறுத்திச் சுருக்குகிறார்கள். கட்டி பெரிதென்றால் நீரை உறிஞ்சுகிறார்கள், பலூன் போலச் சுருங்கிவிடும். பிறகு சுவரை உரித்து, ஒரு பைக்குள் போட்டுத் துளை வழியே இழுத்துவிடலாம்.

வில்லங்கம் அந்தச் சுவரில்தான். மூச்சுக்குழாயோடு ஒட்டிய பகுதியை விட்டுவைத்தால் உட்தோல் மீண்டும் நீரைச் சுரக்கும், ஆண்டுகள் கழித்துக் கட்டி திரும்பி வரலாம். பிய்த்தால் மூச்சுக்குழாய் கிழியலாம். துளையில் முடியாதென்றால் பழையபடி நெஞ்சைத் திறக்கத்தான் வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் முன்கூட்டியே கையெழுத்து வாங்குகிறார்கள்.