பெயரா, வினையா?

ஆங்கிலத்தில் ஒரே சொல் ஓரிடத்தில் பெயராகவும் மற்றோரிடத்தில் வினையாகவும் நிற்பது சாதாரண விடயம். 'வோட்டர்' என்றால் தண்ணீர் என்பதை எமது பிள்ளைகள் ஆரம்ப வகுப்பிலேயே அறிந்து கொள்கின்றனர். அதே பிள்ளைகள் மேல் வகுப்பில் 'வோட்டர் த பிளான்ட்ஸ்' என்ற வாக்கியத்தைக் கண்டதும் தடுமாறுகின்றனர். செடிகளுக்கு நீர் ஊற்று என்பது அதன் பொருள். ஆனால் தண்ணீர், செடிகள் என்று இரண்டு பெயர்களே அவர்களது கண்ணுக்குத் தெரிகின்றன. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலப் பந்தியொன்றை வாசித்து விளங்கிக் கொள்ள இயலாமற் போவதற்கு இத்தடுமாற்றமும் ஒரு காரணம் என்பதே எமது கருத்து.

இக்குறையின் விலை பரீட்சையோடு முடிந்துவிடுவதில்லை. அம்பாறைக் கரையோரத்தில், திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே ஏ4 நெடுஞ்சாலையில் அமைந்துள்ள கோமாரியை எடுத்துக் கொள்வோம். பொத்துவிலைத் தாண்டினால் அறுகம்பே. அங்கே அலைச்சறுக்குக்கு வரும் வெளிநாட்டவரின் வாயில் அடிக்கடி வரும் 'சேர்ஃப்' என்ற சொல், கரையில் உடைந்து நுரைக்கும் அலையையும் குறிக்கும். பலகையில் அவ்வலை மீது சறுக்குவதையும் குறிக்கும். 'ரென்ட்' என்பது வாடகை. வாடகைக்கு எடுப்பதும் அதுவே, கொடுப்பதும் அதுவே! 'குக்' சமையற்காரரும் ஆவார், சமைத்தலும் ஆகும். அங்கு தொழில் தேடிச் செல்லும் இளைஞருக்கு இந்த வேறுபாடு சோறு போடும் விடயமாகும்.

விவசாயிகளுக்கும் இச்சங்கதி புதிதன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட 'பெர்மிட் காணி' பற்றி அறியாதவர் இம்மாவட்டத்தில் அரிது. நமக்குப் பெர்மிட் என்பது கையில் இருக்கும் ஒரு பத்திரம். ஆங்கிலத்திலோ அனுமதி அளித்தல் என்ற வினையும் அதே எழுத்துக்களால் ஆனது. பெயராயின் அழுத்தம் முதலசையில் விழும். வினையாயின் இறுதியசையில் விழும். 'ரெக்கோட்' என்ற சொல்லும் இவ்வாறே ஒலி மாறும். எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது. எழுத்தைப் பார்த்தே ஆங்கிலம் படிக்கும் நமது மாணாக்கர் அதனை எங்ஙனம் அறிவர்?

ஆங்கிலம் இந்நிலையை அடைந்ததற்கு வரலாறு உண்டு. பழைய ஆங்கிலத்தில் அன்பு என்ற பெயர் 'லுஃபு'. அன்பு செய்தல் 'லுஃபியன்'. பின்வந்த நூற்றாண்டுகளில் விகுதிகள் தேய்ந்து உதிர, இரண்டும் 'லவ்' என்ற ஒரே வடிவில் வந்து நின்றன. விகுதி செய்த வேலையை வாக்கியத்தில் சொல் நிற்கும் இடம் ஏற்றுக் கொண்டது. அதன் பின்னர் எப்பெயரையும் வினையாக்கும் துணிவு அம்மொழியாளருக்கு வந்துவிட்டது. அதனை விரும்பாதவரும் இருந்தனர். 1789இல் பெஞ்சமின் ஃபிராங்ளின் அகராதிக்காரரான நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய மடலில், 'நோட்டீஸ்' போன்ற பெயர்கள் வினையாக்கப்படுவதைக் கண்டு நொந்து கொண்டார். மொழி அவரைப் பொருட்படுத்தவில்லை. 2006இல் 'கூகிள்' என்ற நிறுவனப் பெயரே வினைச்சொல்லாக ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியில் ஏறிற்று.

தமிழுக்கு இத்தன்மை அந்நியமானதா என்றால், இல்லை. பூட்டு என்பது கதவிலே தொங்கும் பொருள். 'கதவைப் பூட்டு' என்னும்போது ஏவல் வினை. வெட்டு, குத்து, உதை, மலர் யாவும் இவ்வகையினவே. 'அடி வாங்கினான்' என்பதில் வரும் அடியை முதனிலைத் தொழிற்பெயர் என்று நமது இலக்கண ஆசிரியர் கற்பித்தனர். கெடு என்பது கேடு ஆவதும், சுடு என்பது சூடு ஆவதும் முதனிலை திரிந்த தொழிற்பெயர்கள். ஆயினும் ஏவல் ஒருமையைக் கடந்தவுடன் தமிழ் வினை தன்னை மறைப்பதில்லை. 'பூட்டினான்' என்று காலமும் பாலும் காட்டி நிற்கும். ஆங்கிலத்தில் அவ்வுதவி மிகச் சிறிது.

மேலும் ஒரு தடை நமது பேச்சிலேயே உள்ளது. ஆங்கிலச் சொல்லை நாம் பெயராகவே கடன் வாங்கி, அதன் பின்னால் 'பண்ணு' என்றோ 'எடு' என்றோ சேர்த்து விடுகின்றோம். கல்முனைச் சந்தையில் 'செக் பண்ணுங்க', 'கோல் எடுங்க' என்றுதான் கேட்கும். ஆகவே 'கோல்' தனித்து வினையாகும் என்பது பிள்ளையின் காதுக்கு எட்டுவதே இல்லை. தூய தமிழ் அன்பர்கள் இவ்வழக்கைக் கண்டிக்கட்டும். எமது கவலை அதுவன்று. சொல்லுக்கு நேரே ஒரு பொருளை எழுதி மனனம் செய்விக்கும் பட்டியல் முறை இத்தடையை மேலும் வலுப்படுத்துகிறது என்பதே நாம் சுட்டிக் காட்ட விரும்புவது.

பட்டியலுக்குப் பதிலாக வாக்கியத்தைக் கற்பிக்கலாம். 'எ', 'த', 'மை' ஆகியவற்றின் பின் வருவது பெரும்பாலும் பெயர். 'கேன்', 'வில்', 'மஸ்ட்' ஆகியவற்றின் பின் வருவது பெரும்பாலும் வினை. இதற்குப் புதிய நூலோ கணினியோ வேண்டியதில்லை, கரும்பலகை போதும். ஒரே சொல்லை இரண்டு வாக்கியங்களில் எழுதிப் பிள்ளைகளையே பொருள் கூறச் செய்யலாம். சொற்களைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. கோமாரிக் கரையில் 'பிஷ்' மீனும் ஆகும், மீன் பிடித்தலும் ஆகும். 'நெட்' வலையும் ஆகும், வலையிற் பிடித்தலும் ஆகும். 'சோல்ட்' உப்பும் ஆகும், கருவாட்டுக்கு உப்பிடுதலும் ஆகும். 'லேண்ட்' காணியும் ஆகும், தோணி கரை சேர்தலும் ஆகும்.