கோஷா ஆஸ்பத்திரி தரும் பாடம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

புத்தூரிலும் திருவரங்கத்திலும் உள்ள அரசு மருத்துவமனைகளுக்கு நோயாளிகளை நலம் விசாரிக்கச் செல்லும்போது, குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ஹஜ்ரத், நம் வீட்டுப் பெண்ணை ஆண் மருத்துவரிடம் காட்டலாமா?" இக்கேள்விக்கு நம் தமிழகத்தில் ஒரு நூற்றாண்டைக் கடந்த வரலாறு இருக்கின்றது.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டு பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அவ்வாண்டு சேர்ந்த நால்வரில் ஒருவர் மேரி ஷார்லிப் என்னும் ஆங்கிலப் பெண்மணி. ஆண் மருத்துவரை நாடாமல், பிரசவ வேதனையில் மடியும் இந்நாட்டுப் பெண்களின் நிலை அவரது உள்ளத்தை உருக்கிற்று. லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய அவரது முயற்சியால், 1885இல் சென்னையில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை உருவாயிற்று. அங்கே பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் செய்தனர். பர்தா பேணும் பெண்களைக் குறிக்கும் 'கோஷா' என்னும் சொல் அதன் பெயரிலேயே இடம்பெற்றது. நாடு விடுதலை பெற்றபின் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் மாறிய போதும், திருவல்லிக்கேணி மக்கள் நாவில் அது 'கோஷா ஆஸ்பத்திரி'யாகவே நிலைத்துவிட்டது.

அத்தகைய வசதி இல்லாத ஊர்களில் நேர்ந்தது என்ன? 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஓரிரவு. மிஷனரி மருத்துவர் ஜான் ஸ்கடரின் வீட்டுக் கதவை மூவர் அடுத்தடுத்துத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் இந்துவே. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். மூவரும் உதவி கேட்டது மருத்துவரின் இளம்வயது மகள் ஐடாவிடம். அவரோ மருத்துவம் படிக்காதவர். "என் தந்தை வருவார்" என்றபோது மூவரும் மறுத்துத் திரும்பினர். பொழுது விடிவதற்குள் மூன்று தாய்மார்களும் இறந்துவிட்டனர். அந்த விடியலே ஐடாவை மருத்துவராக்கியது. 1900இல் திரும்பி வந்து வேலூரில் அவர் தொடங்கிய பணியே இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை.

அன்பர்களே! அந்த முஸ்லிம் கணவர் மார்க்கத்தைப் பேணுவதாகவே எண்ணியிருப்பார். ஆனால் மார்க்கச் சட்டம் யாது? பெண் மருத்துவர் கிடைப்பின் அவரையே நாட வேண்டும். கிடைக்காது, உயிருக்கு ஆபத்து என்னும் நிர்ப்பந்தம் ஏற்படின், ஆண் மருத்துவர் தேவையான அளவு பார்த்துச் சிகிச்சை அளிப்பதை நம் ஃபுகஹாக்கள் அனுமதித்துள்ளனர். ஹிஜ்ரி 5இல் அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது பின் முஆத் (ரலி) அவர்களை, ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கச் செய்தவர்கள் நபி (ஸல்) அவர்கள் அன்றோ! வெட்கம் ஈமானின் ஒரு பகுதி. உயிரைக் காப்பதோ ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. இச்சட்டத்தை உரிய நேரத்திற்கு முன்பே மக்களிடம் எடுத்துரைப்பது எம் போன்ற ஆலிம்களின் கடமை. அதில் நாங்கள் குறைவைத்தால் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்.

மருத்துவமனைகளுக்கும் இவ்வரலாற்றில் பாடமுண்டு. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய வக்ஃபு மருத்துவமனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. நோயாளியின் நாணத்தை மதித்த இடத்திற்கு மக்கள் தயக்கமின்றி வந்தனர். ஒரு திரைச்சீலை, உடன் நிற்கும் ஒரு செவிலியர், உடலை மூடும் ஓர் அங்கி, தொழுகைக்கு ஐந்து நிமிடம் ஆகியன பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. அவற்றைப் பணிவுடன், முன்கூட்டியே கேட்பது நம் பொறுப்பு. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டார் பெண் மருத்துவர் உள்ள இடத்தை முன்னரே விசாரித்து வையுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் ரமளானுக்கு ஒரு மாதம் முன்னரே மருத்துவரைக் கண்டு ஆலோசியுங்கள்.

கதவைத் தட்டிய பின்னர் வெறுங்கையுடன் திரும்பும் கணவராக நம்மில் எவரும் ஆகிவிடாமல் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.