வலிந்து காணாமலாக்கப்படுதல் (இலங்கை)

அரச படையினரோ அவர்களுடன் இயங்கிய குழுக்களோ ஒருவரைப் பிடித்துச் சென்றபின், அவர் இருக்குமிடத்தை மறைத்தும் பிடித்ததையே மறுத்தும் வந்த செயல். தெற்கில் சிங்கள இளைஞர்களும் வடக்கு, கிழக்கில் தமிழர்களும் இதற்குப் பெருமளவில் இரையாயினர். தொகை பற்றி உடன்பாடில்லை. 1980களின் பிற்பகுதியிலிருந்து 60,000 முதல் 1,00,000 பேர் வரை இருக்கலாம் என்பது அம்னெஸ்டி இன்டர்நேஷனலின் மதிப்பீடு. விடுதலைப் புலிகள் கடத்திச் சென்றோரும் உளர். 1990இல் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்ட முஸ்லிம்களின் குடும்பங்கள் இன்றும் பதில் கேட்கின்றன.

1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) கிளர்ச்சி அடக்கப்பட்டபோது மறைந்தோர் பற்றிய பதிவுகள் சொற்பம். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், குற்றம் சாட்டாமலே 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க இடமளித்தது. 1983 ஜூனில் பிறப்பிக்கப்பட்ட அவசரகால விதி மரண விசாரணையின்றி உடலை அடக்கம் செய்யவோ எரிக்கவோ வழிவிட்டது. பின்னாளில் உடலே கிடைக்காமற் போனதற்கு இவ்விதியும் ஒரு காரணம் எனலாம்.

இரண்டாம் ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது, 1990 பெப்ரவரியில் பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சா வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டார். அவர் உடல் மொரட்டுவைக் கடற்கரையில் ஒதுங்கியது. அவருடைய தாய் மனோராணி சரவணமுத்து தெற்கின் அன்னையர் முன்னணியில் முன்னின்றார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜெனீவாவுக்குப் புறப்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர் மகிந்த ராஜபக்ச கொண்டுசென்ற, காணாமற்போனோர் பற்றிய ஆவணங்களையும் படங்களையும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பொலிசார் பறித்தனர். அதே மாதம் 5ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து படையினர் கொண்டுசென்ற 158 பேர் திரும்பவில்லை.

மிகுதியாக ஆவணப்பட்டது 1996ஆம் ஆண்டு யாழ்ப்பாணம். குடாநாடு இராணுவத்தின் கைக்கு வந்தபின், அவ்வாண்டில் மட்டும் சுமார் 600 பேர் காணாமற்போயினர். முகாம் முகாமாய் அலைந்த பெற்றோருக்குக் கிடைத்த மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: அப்படி ஒருவரைப் பிடிக்கவில்லை. செப்டம்பர் 7ஆம் திகதி, உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய மாணவி ஒருவர் செம்மணி சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டு, வன்புணர்வுக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998 ஜூலையில் இக்கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற படையினருள் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்திலேயே கூறினார். 1999 அகழ்வில் 15 பேரின் எச்சங்கள் மட்டுமே வெளிப்பட்டன. சிலரை உடையைக் கொண்டு உறவினர் அடையாளம் கண்டனர். கூற்று மிகைப்பட்டதா, தோண்டியது போதாதா என்பதில் அன்றுமுதல் இருவேறு கருத்து உண்டு.

ஆணைக்குழுக்களுக்குக் குறைவில்லை. சந்திரிகா குமாரதுங்க அமைத்த மூன்று வலய ஆணைக்குழுக்கள் 16,000க்கு மேற்பட்ட முறைப்பாடுகளில் காணாமலாக்கப்பட்டதை உறுதிசெய்தன. மனௌரி முத்தெட்டுவெகம தலைமையில் அவற்றுள் ஒன்று இயங்கியது. பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், பாஸ்போர்ட் அளவுப் படம் எனக் குடும்பங்கள் சேர்த்துவைத்த கோப்புகளே இவற்றின் முதன்மைச் சான்றுகள். அவற்றைக் காத்த பெண்களே இவ்வரலாற்றின் முதல் ஆவணக் காப்பாளர்கள் என்று சொல்வது மிகையாகாது. தண்டனை அரிது. 1999இல் எம்பிலிபிட்டிய மாணவர் கடத்தல் வழக்கில் வந்த தண்டனைத் தீர்ப்பு விதிவிலக்குகளுள் ஒன்று.

2009 மே மாதம் வட்டுவாகலில் குடும்பத்தார் கண்முன் படையினரிடம் சரணடைந்தோர் பலர் திரும்பவில்லை. 2013இல் அமைந்த பரணகம ஆணைக்குழுவுக்கு ஏறத்தாழ 20,000 முறைப்பாடுகள் வந்தன.

2016இல் வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை ஏற்றது; காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் அவ்வாண்டே நிறைவேறியது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டம் நடத்துகின்றனர். அவ்வலுவலகத்தை நம்பப் பலர் மறுக்கின்றனர். 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒரு சிறு எலும்புக்கூட்டருகே நீலநிறப் புத்தகப்பை கிடந்தது. ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் வோல்கர் டர்க் ஜூனில் அங்கு சென்றார். ஆகஸ்டில் கண்டெடுத்த பொருட்கள் அடையாளம் காண மக்கள்முன் வைக்கப்பட்டன. அகழ்வைப் பன்னாட்டு நிபுணர் மேற்பார்வையிட வேண்டும் என்பது குடும்பங்களின் கோரிக்கை.