கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத் தமிழரும் ஊர்ப்பெயர் உயிரொலி மாற்றமும்

முன்னுரை

ஓர் ஊரின் பெயர் எழுத்தில் ஒரு வடிவும் மக்கள் நாவில் வேறொரு வடிவும் பெறுதல் இயல்பு. பிறந்த மண்ணைவிட்டுப் பெயர்ந்தோரிடத்தில் நாவின் வடிவே எஞ்சி நிற்கும். அவ்வடிவு வேற்றெழுத்தில் பதியும்போது நேர்வது யாது என்பதை மும்பை கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

குடியேற்றப் பின்னணி

1896ஆம் ஆண்டின் கொள்ளைநோயை அடுத்து 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அது வகுத்த தாதர் - மாட்டுங்கா திட்டத்தின் வழியே இவ்வட்டாரம் குடியிருப்பாக வளர்ந்தது. பாலக்காடு, தஞ்சைப் பகுதிகளிலிருந்து வந்தோர் மாட்டுங்காவில் மிகுதியாகக் குடியேறினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் இங்குத் தோன்றியது. அருகிலுள்ள தாராவியிலோ பழைய திருநெல்வேலி மாவட்டத்தார் தோல் தொழிலை ஒட்டிக் குடியமர்ந்தனர். அம்மாவட்டத்து ஊர்ப்பெயர்களே ஈண்டுச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றுட் சில, 1986இல் பிரிக்கப்பட்ட தூத்துக்குடி மாவட்டத்தில் இன்று அடங்கும்.

மாற்றத்தின் விதி

இடையன்குடி பேச்சில் ‘எடையங்குடி’ ஆகிறது. அவ்வாறே திசையன்விளை ‘தெசயன்வெளை’ எனவும், விளாத்திகுளம் ‘வெளாத்திகுளம்’ எனவும், உடன்குடி ‘ஒடங்குடி’ எனவும், முதலூர் ‘மொதலூர்’ எனவும் ஒலிக்கின்றன. முதலசையில் நிற்கும் இகர உகரக் குறில்கள், ஒற்றை மெய்யை அடுத்து அகரமோ ஆகாரமோ ஐகாரமோ வரும்போது முறையே எகர ஒகரங்களாகத் திரிகின்றன. இடையில் மெய் இரட்டித்தால் திரிபு இல்லை. இட்டமொழி, முக்காணி ஆகிய பெயர்கள் சான்று. அடுத்த உயிர் இகரமோ உகரமோ ஆயினும் திரிபு இல்லை. புளியங்குடி, குறும்பூர் ஆகியன சான்று.

பின்வரும் உயிர் முன்னுயிரைத் தன்பால் ஈர்க்கும் இவ்வியல்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. கொரிய மொழியின் கியோங்சாங் வட்டார வழக்கில், குழந்தையைக் குறிக்கும் ‘அகி’ என்னும் சொல் ‘எகி’ என ஒலிக்கும். அங்குப் பின்வரும் இகரம் அகரத்தை முன்னண்ணம் நோக்கி இழுக்கிறது. இங்குப் பின்வரும் அகரம் இகரத்தைக் கீழ்நோக்கி இழுக்கிறது. திசை வேறு, நெறி ஒன்று.

இ/எ, உ/ஒ மாற்றத்தைத் திராவிட மொழிகள் அளவில் டி. பர்ரோ 1940இலும் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1958இலும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். தமிழின் ‘இலை’ கன்னடத்தில் ‘எலெ’. ‘உடல்’ கன்னடத்தில் ‘ஒடல்’. எனவே பேச்சுவடிவைச் சிதைவு என ஒதுக்குதல் பொருந்தாது. கால்டுவெல் 1841 முதல் ஏறத்தாழ ஐம்பதாண்டு வாழ்ந்த ஊர் இடையன்குடி. மிஷன் சார்ந்த ஆங்கிலப் பதிவுகளில் அவ்வூர்ப் பெயர் எகரத்துக்குரிய எழுத்தில் தொடங்குவதும், பதிந்தோர் செவிவழி வடிவைப் பின்பற்றினர் என்பதைக் காட்டும்.

எழுத்து தரும் மயக்கம்

மராத்திக்குரிய தேவநாகரியில் எகர ஏகாரங்களுக்கு ஒரே குறி; ஒகர ஓகாரங்களுக்கும் அவ்வாறே. ‘எடையங்குடி’ எனச் சொல்லப்படும் பெயர் அவ்வெழுத்தில் அமைந்தால், அதனை ‘ஏடையங்குடி’ எனவும் படிக்கலாம். இ எ ஆவது மொழியின் விதி. எ ஏ ஆவது எழுத்தின் குறை. இவ்விரண்டும் கலந்தபின், முந்தைய வடிவை ஊகித்தல் அரிது. பேச்சில் ‘கொடை’ என ஒலிப்பது கொடையா, குடையா என்று ஒலியளவில் தெளிய இயலாமை இதற்கு ஒப்பு.

இம்மயக்கம் தமிழுக்குப் புதிதன்று. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடுதலைத் தொல்காப்பியம் விதித்தது. ஓலையில் எழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரின் எழுத்துச் சீர்திருத்தம் அக்குறையை நீக்கியது. சுவடிகளில் நாம் கடந்து வந்த இடர்ப்பாட்டை மும்பைத் தமிழர் வேற்றெழுத்தில் மீண்டும் எதிர்கொள்கின்றனர்.

மும்பை ஊர்ப்பெயர்களும் இதற்கு விலக்கல்ல. எல்லை எனப் பொருள்படும் மராத்தியச் ‘சீவ்’ தமிழரிடையே ‘சயான்’ என வழங்குகிறது. ஈகாரத்தின் சுவடே அதில் இல்லை. ‘செம்பூர்’ என்னும் தமிழ் வடிவோ செம்மையும் ஊரும் சேர்ந்த பெயர்போல் தோன்றி, மராத்திய ஊர்ப்பெயரைத் தமிழ்ப்பெயர் என மயங்கச் செய்கிறது.

முடிவுரை

தமிழ் எழுத்தறியாத தலைமுறைக்குப் பூர்வீக ஊர் என்பது பாட்டன் பாட்டியர் வாய்ச்சொல்லும் ஓர் ஆவணத்தின் வேற்றெழுத்துமே. அவ்விரண்டிலிருந்து ஊரை மீட்டறிய மேற்கூறிய விதி துணைசெய்யும். எகரத்தில் தொடங்கும் பெயரை இகரத்திலும், ஒகரத்தில் தொடங்குவதை உகரத்திலும் தேடல் வேண்டும். முதியோர் ஒலிப்பை ஒலிப்பதிவாகவும், எழுத்துவடிவைத் தமிழிலும் ஒருசேரத் தொகுத்தல் தமிழ்த்துறைகள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.