கொதிநீரும் குமிழியின் பிறப்பும்: ஓர் உதாரணம் பற்றிய சில குறிப்புகள்

அளவுமாற்றம் பண்புமாற்றமாகும் என்னும் இயங்கியல் விதியை விளக்கப் புகுவோர் கொதிக்கும் நீரையே பெரிதும் எடுத்தாள்வர். எங்கெல்ஸ் 1878இல் நூலுருப் பெற்ற 'டூரிங்குக்கு மறுப்பு' என்னும் ஆக்கத்தில் இதனைக் கையாண்டபோது, 'சாதாரண வளிமண்டல அமுக்கத்தில்' என்ற நிபந்தனையையும் உடன் வைத்தார். எமது அரசியல் வகுப்புகளில் நிபந்தனை உதிர்ந்துபோக, 100 பாகை என்னும் எண் மட்டுமே எஞ்சியது.

ஏறத்தாழ 4000 அடி உயரத்திலுள்ள டிக்கோயாவில் லயத்து அடுப்பிலேற்றிய தேநீருக்கான தண்ணீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது. அங்கு வளியமுக்கம் குறைவு. ஆயின் அமுக்கத்தோடு விடயம் முடிந்துவிடவில்லை. பாத்திரத்தை உற்றுநோக்கின், முதலில் சுவரோரம் ஒட்டும் சிறுகுமிழிகள் நீரில் கரைந்திருந்த வளி என்பது தெரியும். பின்னர் எழும் ஆவிக்குமிழிகளோ நீரின் நடுவிலன்றி, அடியிலுள்ள கீறல்களிலிருந்தே, அதுவும் மீண்டும் மீண்டும் அதே புள்ளிகளிலிருந்தே புறப்படுகின்றன.

இதன் காரணம் பரப்பிழுவையாகும். ஒரு மைக்ரோன் ஆரமுடைய குமிழியை அது ஒரு வளிமண்டல அமுக்கத்துக்கும் சற்று மேலாக நெருக்குகிறது; இன்னும் சிறியதாயின் நெருக்கம் இன்னும் மிகும். எனவே நீரின் நடுவே வெறுமையிலிருந்து ஒரு குமிழி பிறப்பது மிக அரிது. நுண்ணிய பிளவில் முன்பே சிறைப்பட்ட வளியோ அந்த நெருக்கத்துக்குத் தப்பி, வளரும் குமிழிக்குக் கருவாகிறது. ஜெனீவாவைச் சேர்ந்த டி லுக், 18ஆம் நூற்றாண்டில், நான்கு வாரம் நீரைக் குலுக்கிக் குலுக்கி வளியை அகற்றிப் பின் சூடேற்றினார். 112 பாகை வரை அது கொதிக்கவில்லை! கண்ணாடிப் பாத்திரத்தில் தாமதிக்கும் கொதிப்பு, உலோகத்தூள் இட்டதும் 100 பாகைக்கு இறங்குவதைக் கே-லூசாக் கண்டார். பிளவில் தங்கும் வளி பற்றிய விளக்கத்தை ஹார்வி முதலியோர் 1944இல் முன்வைத்தனர். அவர்கள் ஆராய்ந்தது அடுப்பையன்று; அமுக்கம் குறைகையில் உயிரினங்களின் குருதியில் தோன்றும் குமிழிகளை.

எமது இலக்கிய மரபு குமிழியை அறியாததன்று. நாலடியார் யாக்கையை மழைநீரின் மொக்குளுக்கு உவமித்தது. ஆயினும் அறநூலோர் அதன் அழிவைக் கண்டனரேயன்றி அதன் பிறப்பை வினவினாரல்லர்.

உவமை ஆதாரமாகாது என்பதை மறவாமலே மலையகத் தொழிற்சங்க வரலாற்றுக்கு வருகிறோம். வறுமையும் கடனும் முற்றியதால் சங்கம் தோன்றியது என எழுதுவது 100 பாகை வாய்பாட்டுக்கு ஒப்பானது. கடனும் கங்காணியின் பிடியும் பல தலைமுறைக் காலமாக இருந்தவை. தொழிலாளியைக் கடனோடு பிணைத்த துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நிலவியது. சூடு நெடுங்காலமாக இருந்தது. தோட்டமோ துரையின் தனியுடைமை. அவரது அனுமதியின்றி வெளியார் நுழைவது அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. அவ்வெல்லைக்குள் ஒரு சங்கக் கூட்டம் நிலைக்க இடமில்லை. கோ. நடேசய்யர் 1931இல் தமது தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியது டிக்கோயாவுக்கு அயலிலுள்ள அட்டனில். கடைவீதியும் புகையிரத நிலையமும் கொண்ட அந்நகரம் எந்தத் துரையின் தோட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை. எமது ஆய்வாளர் இதுவரை கூலிப் பட்டியல்களைத் தேடிய அளவுக்கு அட்டன் கடைத்தெருவைத் தேடவில்லை. அச்சகம், தேநீர்க்கடை, கூட்டங்களில் மீனாட்சியம்மாள் பாடிய பாடல்கள் ஆகிய மூன்றிலிருந்தும் அத்தேடலைத் தொடங்கலாம்.